கொம்பன் ஆந்தையைக் காத்த பேரவை

கீழக்குயில்குடி சமணர் மலை இதுவரை இரண்டு வகைத் துறவிகளைக் கண்டிருக்கிறது. முதல் வகையினர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் வந்தார்கள். காலடியில் எறும்பு மிதிபட்டுவிடக் கூடாதே என்று மயிற்பீலியால் தரையைக் கூட்டிக்கொண்டே நடந்தார்கள். பாறையில் படுக்கை வெட்டிப் படுத்தார்கள். இரண்டாவது வகையினர் போன தை மாதம் வந்தார்கள். இலை தழை அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு, ஏ.சி. காரில் வந்தார்கள். 'வைகைவளக் கானுயிர் ஒளிப்படப் பேரவை' என்பது அவர்கள் பெயர். எந்த உயிருக்கும் இடையூறு செய்வதில்லை என்ற விரதத்தில் இவர்கள் முன்னவர்களைவிட ஒரு படி மேல். முன்னவர்கள் விரதத்தைக் கடைப்பிடித்ததோடு சரி. இவர்கள் அதைச் சட்டையின் முதுகிலும் அச்சடித்துப் போட்டிருந்தார்கள்.

இந்தப் பேரவையில் ரோகிணிக்கு எந்தப் பதவியும் இல்லை. அவள் பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேரவையின் துணைச் செயலாளர் ஸ்ரீராம்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டது மட்டுமே அவளுக்குப் பேரவையோடு உள்ள தொடர்பு. கல்யாணம் ஆன புதிதில் ஸ்ரீராம்குமார் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போவார், சாயங்காலம் வரும்போது விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுப்பார், அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். பிறகுதான் லென்ஸ் வந்தது.

லென்ஸ் என்றால் சாதாரணமானதல்ல. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். காரில் முன் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு அதுதான் உட்காரும். ரோகிணி பின்னால். ஸ்ரீராம்குமார் கடைசியாக அவளைப் படம் எடுத்தது எப்போது என்று கேட்டால், பாஸ்போர்ட் அளவில், வெள்ளைச் சுவர் பின்னணியில், ஏதோ விண்ணப்பத்துக்காக. "சிரிக்காத. சிரிச்சா ரிஜெக்ட் பண்ணிருவாங்க" என்று சொல்லி எடுத்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஆபீஸிலிருந்து ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ரோகிணிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"ரோகிணி, கொம்பன் ஆந்தை!"

"என்னையா சொல்றீங்க?"

"இல்லடி! சமணர் மலைக்குப் பின்னாடி, பாறை இடுக்குல கூடு. குஞ்சு இருக்கு. ரெண்டடி உசரப் பறவை. தலையில ரெண்டு கொம்பு மாதிரி இறகு. ஆரஞ்சுக் கண்ணு. இந்த வருசக் கண்காட்சியில மொதப் பரிசு நமக்குத்தான். இது பரம ரகசியம். ஒரு ஆளுகிட்ட மூச்சு விடக் கூடாது."

"நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்?"

"சிவசங்கரன் சார்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். தலைவர்ல? அவருகிட்ட மறைக்க முடியுமா?"

ரகசியம் காப்பதில் மதுரைக்காரர்களுக்கு இணையாக உலகத்தில் யாரையும் சொல்ல முடியாது. பேரவையின் விதி, கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது. ஒருவரும் அதை மீறவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு மிக நம்பகமான ஒரே ஒருவரிடம், "யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்ற பாதுகாப்பு ஏற்பாட்டோடுதான் சொன்னார்கள். தலைவர் சிவசங்கரன், ஜவுளிக்கடை பாண்டிராஜிடம் சொன்னார். பாண்டிராஜ் தன் சகலையிடம் சொன்னார். சகலைக்கு திண்டுக்கல்லில் ஒரு நண்பர். இப்படியே ரகசியம் பத்திரமாகக் கைமாறி, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கீழக்குயில்குடி ஆலமரத்திலிருந்து தாமரைக்குளம் தாண்டிக் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு வேனில் விருதுநகர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

"இந்த இடம் ஒருத்தருக்கும் தெரியாதுண்ணே" என்று பாண்டிராஜ் அந்த வேன்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்களின் அறியாமைதான் பேரவையினரை வருத்தியது. குளத்தங்கரையில் சோணையம்மாள் என்ற பெண்மணி பனங்கிழங்கு அவித்துக் கூடையில் வைத்திருந்தாள். மலையைப் பார்க்காமல், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரோகிணி கிழங்கு வாங்கப் போனபோது அவளே கேட்டாள்.

"அவுகளப் பாக்கவா தாயி வந்திருக்கீக?"

"எவுகளங்க?"

"அவுகதான்." சோணையம்மாள் பின்னால் திரும்பாமலே தலையை மட்டும் மலைப்பக்கம் ஆட்டினாள். "பேரச் சொல்லக் கூடாது. சொன்னா வீட்டு முகட்டுல வந்து உக்காந்துருவாக. அவுக மூஞ்சியில முழிச்சா அன்னைக்குச் சோறு கெடைக்காது."

"அவுக இங்க ரொம்ப நாளா இருக்காகளா?"

"எங்க மாமியா வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்தாகளாம். நாங்க அவுகளப் பாக்க மாட்டோம், அவுக எங்களப் பாக்க மாட்டாக. ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நல்லாத்தான் இருந்தோம்." அவள் கார் வரிசையைப் பார்த்தாள். "ஆனா ஒன்னு, அவுக புண்ணியத்துல இன்னைக்கு ரெண்டாவது கூடை அவிச்சாச்சு."

பின்னாலேயே வந்த தலைவர் சிவசங்கரன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற என்ஜினியர். "பாத்தீங்களாம்மா? மூடநம்பிக்கை! இந்த ஜனங்ககிட்ட இருந்து அந்தப் பறவையக் காப்பாத்தணும்னா நம்மள மாதிரி ஆளுங்க கட்டாயம் இங்க இருந்தாகணும்" என்றார்.

காப்பாற்றும் பணி மலைக்குப் பின்னால் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. பாறைச் சரிவில் முக்காலிகள் தோளோடு தோள் உரசி நின்றன. 'அமைதி காக்கவும்' என்று தலைவர் கையடக்க ஒலிபெருக்கியில் இடைவிடாமல் அறிவித்தார். கூட்டுக்கு முன்னால் ஒரு சூரைமுள் புதர், பறவையை மறைத்து இயற்கைக்கு இடையூறாக வளர்ந்திருந்தது. அதை வெட்டி அகற்றினார்கள். அந்த இடுக்குக்குள் உலகம் உண்டான நாள் முதல் விழாத வெயில் அன்றைக்கு விழுந்தது. "இப்பத்தான் லைட்டிங் பிரமாதமா இருக்கு" என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ரோகிணி, கணவரின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். பாறை இடுக்கில் ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டை. அதற்கு நடுவில் ஒரு வாய். அந்த வாய் திறந்தது, மூடியது, திறந்தது. வெயிலில் தலை தொங்கியது. தாயைத் தேடினாள். எதிர்ப்பக்கம், உச்சிப் பாறையில் தாய் உட்கார்ந்திருந்தது. கூட்டத்தையே பார்த்துக்கொண்டு, அசையாமல்.

"ஏங்க, அது ஏன் அங்கயே உக்காந்திருக்கு? பிள்ள இங்க கெடந்து வாயத் தொறக்குதே?"

"ஆள் நடமாட்டம் இருந்தா தாய் கூட்டுக்கு வராது. அதோட சுபாவம் அது" என்று ஸ்ரீராம்குமார் நிபுணராக விளக்கினார்.

"அப்ப நம்ம போயிர வேண்டியதுதானே?"

"அதுக்குத்தான் காத்திருக்கேன். இவங்க எல்லாரும் போயிட்டா நிம்மதியா எடுக்கலாம்."

ரோகிணி பாண்டிராஜைக் கேட்டாள். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு தங்கச்சி. இதுக கெளம்புனாத்தான் பறவைக்கு நிம்மதி. நான் அதுவரைக்கும் இருந்து பாத்துக்கிறேன்" என்றார் அவர். விருதுநகர்க்காரர்களைக் கேட்டாள். "உள்ளூர் ஆளுங்க ரொம்பத் தொந்தரவு பண்றாங்க மேடம்" என்றார்கள். அந்தச் சரிவில் நின்ற அத்தனை பேரும் கூட்டத்தைக் கண்டித்தார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் தனித்தனியாகத்தான் நின்றிருந்தார்கள்.

மத்தியானம் ஆலமரத்தடியில் அவசரக் கூட்டம் நடந்தது. குஞ்சு இரை தின்னவில்லை என்ற கவலைக்குரிய தகவலைத் தலைவர் கனத்த குரலில் வெளியிட்டார். கோழி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே உறுப்பினர்கள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். கூட்ட நெரிசலைக் கட்டுப்படுத்த ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு நிலைமையை நேரில் ஆராய நாளையும் வரவேண்டும், அதன் பணியை மேற்பார்வையிட மற்றவர்களும் வரவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ரோகிணி தீர்மானத்தைக் கேட்டாள். அறிவால் ஆகாதது ஒன்று இருக்கிறது, அதற்கு வேறு சாமான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. தலைவரின் மனைவி தர்மாம்பாள் காருக்குள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மகளைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வரும் புதன்கிழமை வருகிறார்கள் என்பது பேரவை முழுக்கத் தெரிந்த சங்கதி. ரோகிணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

தர்மாம்பாள் விசிறுவதை நிறுத்தினாள்.

"நம்ம பாண்டிராஜ் அண்ணன் நேத்து வந்து அதைப் படம் எடுத்தாருல்ல? ராத்திரியே பைபாஸ்ல டயர் வெடிச்சிருச்சாம்."

"அது பழைய டயருடி."

"நானும் அப்பிடித்தான்க்கா நெனச்சேன். எங்க வீட்டுக்காரரு மொதநாள் எடுத்தாரு. மறுநாள் கடவாய்ப்பல்லு வீங்கிருச்சு. திண்டுக்கல்காரரு ஒருத்தரு அது கண்ண நேரா ஃபோகஸ் பண்ணாராம். அன்னைக்கே அவரு தங்கச்சிக்குப் பேசி முடிச்ச சம்பந்தம் கலைஞ்சு போச்சாம்." ரோகிணி குரலை இன்னும் தாழ்த்தினாள். "சும்மா பாத்தா ஒன்னுமில்லையாம்க்கா. லென்ஸுக்குள்ள பாத்தாத்தான். பெருசாக்கிக் காட்டுதுல்ல? தோஷமும் பெருசாத்தானே வரும்?"

இதில் டயரும் பல்லும் உண்மை. சம்பந்தம் பொய். ரோகிணி தன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் இல்லையென்றாலும், ஒரு பறவைக்காகச் சொன்ன முதல் பொய். தர்மாம்பாள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைக் கையில் எடுத்தாள்.

மறுநாள் பேரவையின் வாட்ஸாப் குழுவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அறிவியல் மனப்பான்மை மிக்க அந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் வேறு வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு லென்ஸில் பூஞ்சை. ஒருவருக்கு மச்சினன் வீட்டுக் காதுகுத்து. பாண்டிராஜ், 'கடையில் ஸ்டாக் எடுக்கிறோம்' என்று போட்டுவிட்டு, அடியில் ஒரு எலுமிச்சம்பழப் படத்தையும் தவறுதலாக அனுப்பி, உடனே அழித்தார். தலைவர் சிவசங்கரன் நீண்ட அறிக்கை விட்டார். 'பறவையின் நலன் கருதி, நெறிமுறைகளின்படி, பேரவை தானாக முன்வந்து விலகிக்கொள்கிறது.' அறிக்கையை அனுப்பும்போது அவர் தெப்பக்குளம் மாரியம்மன் சந்நிதியில், நெற்றி நிறைய விபூதியோடு நின்றிருந்தார் என்று தர்மாம்பாளே பிறகு சொன்னாள்.

ரோகிணிக்கு மனசு நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் லென்ஸ் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்ரீராம்குமார் அவளைக் கண்டதும் தெருவென்றும் பாராமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ரோகிணி! நீதான் கெளப்பி விட்டியா? தர்மாம்பாள் அக்கா சொன்னாங்க. உன்ன மாதிரி ஒரு பொண்டாட்டி எவனுக்குக் கெடைப்பா? மொத்தப் பயலையும் ஓட வச்சுட்டியே! இனி அந்த எடம் நமக்கு மட்டும்தான். ஏறு, ஏறு. வெளிச்சம் போயிரும்."

அவள் பின் சீட்டில் ஏறினாள். ஊரையே துரத்திவிட்டோம், துரத்த வேண்டிய ஆளைச் சமைத்துப் போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

மலைக்குப் பின்னால் யாருமில்லை. வெட்டிப்போட்ட சூரைமுள் காய்ந்து கிடந்தது. பிரியாணிப் பொட்டலம் ஒன்று காற்றில் நகர்ந்தது. ஸ்ரீராம்குமார் முக்காலியை நட்டு, லென்ஸைப் பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரோகிணி கூட்டைப் பார்த்தாள். பஞ்சு உருண்டை நேற்றைவிடச் சிறுத்திருந்தது. வாய் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு முறை திறந்தது. சத்தம் வரவில்லை.

வெயில் இறங்கி, நாகமலை கறுக்கத் தொடங்கியபோது தாய் வந்தது. வந்த சத்தமே கேட்கவில்லை. எதிரே தாழ்ந்த பாறையில், முன்னால் எதுவுமில்லாமல் இருந்த இடத்தில், திடீரென்று ஒரு பெரிய உருவம் உட்கார்ந்திருந்தது. கொம்பு போல விறைத்த இறகு. இரண்டு ஆரஞ்சு வட்டங்கள். அலகில் ஒரு எலி.

"எலியோட வந்திருக்கு!" ஸ்ரீராம்குமாரின் குரல் நடுங்கியது. "இரையோட! இப்பிடி ஒரு படம் தமிழ்நாட்டுலயே எவன்கிட்டயும் கெடையாதுடி!" கேமரா மழை பெய்வது போலச் சடசடத்தது.

"எடுத்தாச்சுல்ல? கெளம்புங்க."

"ஒரே ஒரு நிமிசம்."

"அது சோத்த வாயில வச்சுக்கிட்டு நிக்குதுங்க. நீங்க வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"கொஞ்சம் தலையத் திருப்பட்டும். பாரு, என்னா பார்வை! என்னா கனிவு! தாய்மையே கண்ணுல தெரியுது பாரு."

"அது கனிவு இல்லைங்க." ரோகிணி முக்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். "எனக்கு அந்தப் பார்வை தெரியும். உங்க பேரவைக்காரங்க ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு ஹால்ல உக்காந்துக்கிட்டு, மூணாவது தடவை காபி கேப்பாங்கள்ல? அப்ப நான் அடுப்படியில நின்னு பாக்குற பார்வை. எப்படா கெளம்புவீங்கன்னு பாக்குது."

"ஒரு நிமிசம்டி, ப்ளீஸ்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் இறங்கினாள். முள் குத்தியது. நேரே நடந்து, லென்ஸுக்கும் ஆந்தைக்கும் நடுவில் போய் நின்று, திரும்பி, கணவரைப் பார்த்தாள்.

இந்தக் கால கேமராக்களின் சிறப்பு, கண் எங்கே இருந்தாலும் தானாகத் தேடிப் பிடித்துக்கொள்வது. அந்தக் கேமராவுக்குச் சற்றுக் குழப்பம் ஏற்பட்டது. பறவைக் கண்ணா, மனுஷிக் கண்ணா என்று யோசித்தது. கடைசியில் பக்கத்தில் இருக்கும் கண்ணைத் தேர்ந்தெடுத்தது. சடசடவென்று அது வழக்கம்போல் எடுத்துத் தள்ளியது.

ஸ்ரீராம்குமார் மெல்ல லென்ஸிலிருந்து தலையைத் தூக்கினார். வெறும் கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தார். முக்காலியை மடக்கினார். அவள் காலில் குத்தியிருந்த முள்ளைக் குனிந்து எடுத்துவிட்டார். இரண்டு பேரும் சரிவில் இறங்கி, குளத்தங்கரை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அங்கே நின்று, சோணையம்மாள் உட்காரும் இடத்திலிருந்து, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தார்கள். அகலமான இரண்டு இறக்கைகள் மலைமுகட்டுக்கு மேல் எழும்பி, இடுக்கின் பக்கம் மறைந்தன. கொஞ்ச நேரத்தில், பழைய கதவு திறப்பது போல ஒரு சின்னக் கீச்சுக்குரல் கேட்டது. பசித்த பிள்ளையின் குரல்தான். ஆனால் தின்றுகொண்டே இன்னும் கேட்கிற பிள்ளையின் குரல்.

"ஊட்டுறத எடுக்க முடியாமப் போச்சு" என்றார் ஸ்ரீராம்குமார், தோளில் தொங்கிய கேமராவைத் தொடாமலே. "பரவாயில்ல."

திரும்பும்போது லென்ஸ் பின் சீட்டில் வந்தது.

பேரவையின் ஆண்டுக் கண்காட்சி பங்குனியில், ஒரு கல்யாண மண்டபத்தில், குத்துவிளக்கு ஏற்றி விமரிசையாகத் தொடங்கியது. ஸ்ரீராம்குமார் எலியோடு நின்ற ஆந்தையின் படத்தை வைக்கவில்லை. வேறொரு படம் கொடுத்திருந்தார். முன்னால் ஒரு பெண்ணின் முகம், மிகத் தெளிவாக. தலை கலைந்து, மூக்கு விடைத்து, கண்ணில் நீர் நிற்க, எதிரே இருப்பவனை எரித்துவிடுவது போல் பார்க்கிறாள். அவள் தோளுக்கு மேலே, மங்கலாக, இரண்டு ஆரஞ்சு வட்டங்கள். அவையும் அதே ஆளைத்தான் பார்க்கின்றன. 'ஒளிப்படக் கலைஞரைப் பார்க்கும் இருவர்' என்று அடியில் எழுதியிருந்தார்.

அந்தப் படத்தின் முன்னால் வந்தவர்கள் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. பாண்டிராஜ் ஒரு முறை பார்த்துவிட்டு, "நம்மளையே பாக்குற மாதிரி இருக்குண்ணே" என்று சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு நகர்ந்தார். சிவசங்கரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நடுவர்கள் தனியறையில் கூடி விவாதித்தார்கள்.

பரிசளிப்பின்போது தலைவரே மேடையேறி முடிவை அறிவித்தார். கொம்பன் ஆந்தைக் கூட்டைத் தன்னலமற்ற விலகலால் காப்பாற்றிய பெருமைக்காகப் பேரவை தனக்குத் தானே ஒரு கேடயம் வழங்கிக்கொண்டது. பலத்த கைதட்டல். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம துணைச் செயலாளர் படம் நல்ல படந்தான். ஆனா கானுயிர்ப் படத்துக்குன்னு உலகம் பூரா ஒரு விதி இருக்கு. வருத்தத்தோட அதைப் போட்டியிலருந்து நீக்குறோம்."

"என்ன விதி சார்?" என்று பின் வரிசையிலிருந்து ரோகிணி எழுந்து கேட்டாள்.

"படத்துல மனிதத் தலையீடு தெரியுதும்மா."

படம் இறக்கப்பட்டது. அந்தச் சுவரில் மிச்சமிருந்த ஆந்தைப் படங்கள் ஒவ்வொன்றையும் ரோகிணி நின்று பார்த்தாள். அதே பாறை, அதே வெயில், அதே ஆந்தை. விதிப்படி எதிலும் மனிதத் தலையீடு தெரியவில்லை. தலையிட்டவர்கள் அத்தனை பேரும் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.